ரூபாய்க்கு ஐம்பது கிராம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இருந்தவர்கள் இவர்கள்: பழைய கார் சாமான் கடை விரித்தவர்கள் பதினேழு பேர், வாசல் மூலைக்காரி வேலாத்தாளும் அவளை ஒட்டிக் கடை போட்ட அவள் கொழுந்தன் நஞ்சப்பனும் அதில் அடக்கம், மைதானத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த பெரியண்ணன், அவருக்கு ரசீது கிழிக்கிற குட்டியப்பன், மேஸ்திரி கிட்டானையும் சேர்த்துச் சுமை தூக்குகிறவர்கள் நாலு பேர், டீக்கடை ராக்கியம்மாள், காயலான்கடை மீரானும் அவருடைய லாரி டிரைவரும், வாங்க வந்தவர்கள் முப்பத்தொரு பேர். ஆக ஐம்பத்தேழு. இந்த ஐம்பத்தேழு பேரில் யாருக்கும் யாரையும் பிடிக்காது என்று சொன்னால் அது மிகை. லாரி டிரைவரை எல்லாருக்கும் பிடிக்கும், அவன் வாய் திறக்க மாட்டான்.

மூடிக் கிடந்த பஞ்சு மில்லின் மைதானம் அது. ஞாயிறுதோறும் விடியலில் அங்கே தார்ப்பாய் விரியும். உற்பத்தி நின்றுபோன பியட்டுக்கும் ஹெரால்டுக்கும் மாரிஸ் மைனருக்கும் உரிய கதவுப்பிடி, பிரேக் டிரம், வைப்பர் மோட்டார், கண்ணாடி வளையம் என்று எல்லாம் அங்கே வெயில் காயும். பொள்ளாச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் வந்து, குனிந்து, புரட்டி, குறை சொல்லி, விலை கேட்டு, திட்டு வாங்கி, வாங்கிப் போவார்கள். அந்த மைதானத்துக்கு ஒரு கட்டு உண்டு. மூன்று ஞாயிறு தொடர்ந்து போணி ஆகாதவர் இடத்தை விட்டுவிட வேண்டும், அந்த இடம் பக்கத்துக் கடைக்காரரைச் சேரும். போணி என்றால் வெளியாள் வந்து, சாமான் கை மாறி, காசும் கை மாற வேண்டும். கடைக்காரர்கள் தங்களுக்குள் வாங்கிக்கொள்வது கணக்கில் வராது. வேலாத்தாளின் மூலை பன்னிரண்டுக்கு எட்டு அடி. வாசலில் நுழைகிறவன் முதலில் மிதிப்பது அவள் தார்ப்பாயைத்தான். புருஷன் ஆறுமுகம் போய் ஒன்பது வருஷமாக நஞ்சப்பன் அந்த மூலையைச் சோற்றுத் தட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மூலை போனால் வேலாத்தாளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

அன்று விடியலில்தான் பெரியண்ணன் இடக் கட்டணத்தை முந்நூறிலிருந்து நானூற்றைம்பதாக்கினார்.

“ஏனுங் பெரியண்ணா, மைதானம் ஒரே ராத்திரியில வளந்துருச்சுங்களா?” என்றாள் வேலாத்தாள்.

“ஏலம் வளந்துருச்சு அம்மிணி. நான் மேல கட்டறதை நீங்க கீழ கட்டுங். ரசீதைச் சாமானுக்கு மேல வெய்யுங், தெரியாட்டி ரெட்டைக் கட்டணம்.”

அவள் கட்டினாள், பதினேழு பேரும் கட்டினார்கள், பதினேழு ரசீதும் பதினேழு சாமான்மேல் ஏறின. சாயங்காலம் கடை கட்டும்போது, ரசீது வைத்த பிரேக் டிரம்மை அவளால் அசைக்க முடியவில்லை. காலையில் ஒரு கையில் தூக்கி வந்த டிரம் அது, ஆறு கிலோ.

“மத்தியானம் சாப்படலீங்களா நங்கையா?” என்றான் நஞ்சப்பன். அண்ணன் பெண்டாட்டியை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள், ஆனால் அவன் வாயில் அது வேறு எதையோ சொல்வதுபோல இருக்கும். பிறகு அவன் தன்னுடைய ரசீது இருந்த சைலன்சரைத் தூக்கப்போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மீரானின் தராசில் ஒவ்வொன்றாக ஏற்றி நிறுத்தார்கள். டிரம் இருபத்தெட்டரை. சைலன்சரும் தன் எடைக்கு மேல் இருபத்திரண்டரை. பதினேழும் அப்படியே. நஞ்சப்பன் கணக்கில் கெட்டி. மண்ணில் குச்சியால் வகுத்தான். கட்டிய ரூபாய் ஒன்றுக்கு ஐம்பது கிராம்.

“சரி, அப்ப நாம சொமந்துட்டுத்தான் இருந்திருக்கோம், இப்பத்தான் தராசுக்குத் தெரிஞ்சுது,” என்று ராக்கியம்மாள் டீ ஆற்றினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் அதற்கும் ஒரு ரசீது கிழிப்பார்கள் என்ற பயமாக இருக்கலாம். கிட்டான் மட்டும் அன்றைக்கே கூலியை உருப்படிக் கணக்கிலிருந்து எடைக் கணக்குக்கு மாற்றினான். “கனம் உங்க காசுதான், ஆனா முதுகு எங்க முதுகு,” என்றான்.

அடுத்த வாரங்களில் மைதானம் அந்தக் கனத்தைப் பழகிக்கொண்டது, மழையைப் பழகிக்கொள்வதுபோல. ரசீதை எந்தச் சாமான்மேல் வைப்பது என்பது தனி வித்தையாயிற்று. சிலர் விற்காத எஞ்சின்மேல் வைத்தார்கள். சிலர் பக்கத்துக் கடைக்காரன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவனுடைய சாமான்மேல் வைத்தார்கள், அதனால் இரண்டு மண்டை உடைந்தது.

வேலாத்தாள் போனில் விற்றுப் பார்க்கலாம் என்று நினைத்தாள். ஹெரால்டு கதவுப்பிடி ஒன்றைப் படம் பிடித்துச் செயலியில் போட்டாள், நாக்பூரில் ஒருவன் இருநூற்று நாற்பதுக்கு எடுத்தான். செயலிக்காரன் கமிஷன் பிடித்தான், கட்டுகிற பெட்டிக்குப் பிடித்தான், படம் மேலே தெரிவதற்குப் பிடித்தான். அது அத்தனையும் கதவுப்பிடியில் ஏறி, முந்நூறு கிராம் பிடி பதினெட்டுக் கிலோவாகக் கூரியர் ஆபீசில் நின்றது. கூரியர்காரன் எடைக்கு எடை காசு கேட்டான், அந்தக் காசும் பிடியில் ஏறியது, அவன் மறுபடி நிறுத்தான், மறுபடி கேட்டான், அதுவும் ஏறியது. கடைசியில் அவள் தராசை மறைத்து நின்றுகொண்டு, “போதும் போங்க சாமி, இருக்கற எடைக்கு அனுப்புங்க,” என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகே அது ஊரை விட்டுக் கிளம்பியது. நாக்பூரில் அதை மாடிக்கு ஏற்ற ஆளில்லை. வாங்கியவன் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, சாமான் நல்லது, கனம் தாங்கவில்லை என்று எழுதித் திருப்பிவிட்டான். திருப்பும் கூலியையும் அவள்மேல் போட்டார்கள். திரும்பி வந்தது கூரியர் கோடவுனில் கிடக்கிறது, நாள் வாடகை ஏறுகிறது, வாடகை ஏற ஏறக் கனம் ஏறுகிறது, கோடவுனின் தென்மூலை இப்போது ஒரு சாண் தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இந்தச் சமயத்தில்தான் நஞ்சப்பனுக்கு அந்த யோசனை வந்தது. அவன் மீரானிடம் போனான்.

“பாய், பழைய இரும்பு கிலோ என்ன வெலைங்?”

“முப்பது.”

“கூடின எடைக்கும் முப்பதுதானுங்களே?”

மீரான் நெடுநேரம் தாடியைத் தடவினார். “தராசு காட்டறதுக்குக் காசு. கூடினது எது, பொறந்தது எதுன்னு எனக்கென்ன தெரியும்? ஆனா பொறுக்கிப் பொறுக்கிப் போடக்கூடாது, கடையோட மொத்தமாத்தான் எடுப்பேன்.”

ரூபாய்க்கு ஐம்பது கிராம், கிலோ முப்பது. கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒன்றரை ரூபாய் திரும்பி வருகிறது. நஞ்சப்பன் இதை மண்ணில் எழுதிக் காட்டியபோது பதினாறு பேரும் மண்ணைக் குனிந்து பார்த்தார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள், பிறகு கூட்டமாகப் பெரியண்ணனிடம் போனார்கள்.

“கட்டணத்தை ஏத்துங்,” என்றார்கள்.

பெரியண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முப்பது வருஷக் குத்தகையில் அவர் கேட்காத பேச்சு அது. கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக் குட்டியப்பனைத் தடி எடுத்துவரச் சொன்னார். கேலி இல்லை என்று தெரிந்ததும் எழுநூறாக்கினார். அதுவும் போதாது என்றார்கள். நிழல் கட்டணம் போட்டார், வெயிலில் இருந்தவனும் கட்டினான். பார்வைக் கட்டணம் போட்டார், உட்காரும் கட்டணம் போட்டார், உட்கார்ந்து எழுந்திருக்கும் கட்டணம் போட்டார். இரண்டு தடவை கட்டக்கூடாதா என்று வரிசையில் சண்டை நடந்தது. கார் சாமான்தான் வேண்டும் என்பதில்லையே, ரசீது வைக்க ஏதாவது இருந்தால் போதும். உடைந்த கிரில் கதவு வந்தது, கிணற்று மோட்டார் வந்தது, யாரோ ஒருவர் மாமியாரின் ஆட்டுக்கல்லைக் கொண்டுவந்து, கல் எடுக்க மாட்டேன் என்று மீரான் சொன்னதும் அவரோடு கைகலந்தார். மீரானுக்குப் போடுவதும் போணிதான் என்று கூடி முடிவு செய்தார்கள். வேலாத்தாள் மட்டும் அந்தக் கூட்டத்தில் கை தூக்கவில்லை.

“அக்கா, நீங்களும் போட்ருங்க, போணி பண்ணித் தந்தர்றேன்,” என்றார் மீரான்.

“எல்லாச் சாமானையும் உங்களுக்கு அள்ளிப் போட்டுட்டு, வெறும் எடத்துல நான் தவம் இருக்கறதுங்களா? எடைக்குப் போடறதுக்கா பாய் ஒவ்வொண்ணையும் மண்ணெண்ணெயில கழுவி வெச்சிருக்கேன்?”

“எங்க நங்கையாளுக்குப் பழைய காரெல்லாம் கோயில் தேருங்க,” என்று நஞ்சப்பன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்.

“தேரு இல்லீங் கொழுந்தனாரே, சோறு. உங்களுக்குத்தான் எம்பட எலையில கண்ணு.”

ஆனால் சோறு வரவில்லை. கிரில் கதவும் கிணற்று மோட்டாரும் நிறைந்த மைதானத்துக்கு, கார் வைத்திருக்கிறவன் எதற்கு வருவான்? வந்த ஒன்றிரண்டு பேரும் பார்வைக் கட்டணம் என்றதும் வாசலிலேயே வண்டியைத் திருப்பினார்கள். அவள் சீட்டுப் பணத்தை எடுத்து, கட்டாயமான எழுநூறை மட்டும் கட்டினாள். மற்ற சாமானெல்லாம் தூக்குகிற கனத்திலாவது இருக்கட்டும் என்று, எல்லாவற்றிலும் சிறியதான ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின்மேல் ரசீதை வைத்தாள். ஹெரால்டு வண்டியுடையது, உள்ளங்கையில் அடங்கும், இருநூறு கிராம், வாங்கிய விலை அறுபது. அது இல்லாமல் எஞ்சின் பொறி பிடிக்காது, ஆனால் ஹெரால்டை யார் இந்தக் காலத்தில் ஓட்டுகிறார்கள்? அந்த ஞாயிறு போணி இல்லை. அடுத்த ஞாயிறும் எழுநூறு, அதே மூடி, போணி இல்லை. நஞ்சப்பன் கயிறு கொண்டுவந்து அவள் மூலையை நீளவாக்கில் ஒருதரம், அகலவாக்கில் ஒருதரம் அளந்தான்.

“சும்மா பாத்து வெச்சுக்கறேனுங்,” என்றான்.

மூன்றாம் ஞாயிறும் அவள் எழுநூறு கட்டி, ரசீதை அதே மூடியின்மேல் வைத்தாள். மூன்று ரசீதும் சேர்ந்து, அந்த உள்ளங்கை மூடி நூற்றைந்து கிலோவும் இருநூறு கிராமும் ஆகித் தார்ப்பாயில் குழி பறித்துக் கிடந்தது.

அன்று காலை மீரானின் லாரி காலியாக வந்தது. அவர் கீழே குதித்து இறங்கிய விதத்திலேயே டீக்கடையில் பேச்சு நின்றது.

“ரெண்டு டன்னு, இரும்பு உருக்கற பவுண்டரியில ரெண்டு டன்னு போட்டேன்! ஊத்தினது நூத்திப்பத்து கிலோ. மிச்சம் எங்கடா? ஆவியா? ஒலையில காசு உருகாது பாய்னு எம் மூஞ்சிக்கு நேரா சிரிக்கறான். எடுங்கடா எம் பணத்தை!”

நஞ்சப்பன், தராசு காட்டினதுக்குத்தானே காசு வாங்கினோம் என்றான். மீரான் அவன் சட்டையைப் பிடித்தார். சட்டை கிழிந்தது. பதினாறு பேரும் பாதி மீரானோடும் பாதி தங்களுக்குள்ளும் அடித்துக்கொண்டார்கள். இந்த யோசனையை முதலில் சொன்னவன் யார், முதலில் ஆமாம் போட்டவன் யார், இரண்டு தடவை கட்டியவன் யார் என்று. கிட்டானின் ஆட்கள் மதில்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். மைதானம் முழுக்க யாராலும் தூக்க முடியாத, யாரும் இனி வாங்காத கிரில் கதவுகள் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

வாசலில் இந்த அமளிக்குள்ளே ஒரு மனிதர் நுழைந்தார். பெயர் தாமோதரன், பொள்ளாச்சிக்காரர், கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிறவர். முகத்தில் தாடை வரைக்கும் அலட்சியம் பூசியிருந்தார். அவசரம் உள்ளவன்தான் அவ்வளவு பூசுவான் என்று வேலாத்தாளுக்குத் தெரியும்.

“ஹெரால்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இருந்தா காட்டுங். இல்லாட்டியும் ஒண்ணும் அவசரமில்லீங்.”

இருநூற்றுப் பதிமூன்று சாமானில் அந்த ஒன்றைக் கேட்டார்.

“இருக்குதுங். கீழ கெடக்குது பாருங். ரெண்டாயிரத்து நூத்தி அறுபது.”

“ஏனுங்க, காரோடயுங்களா?”

“அறுபது எம் மொதல். மிச்சம் பெரியண்ணனுக்குக் கட்டினது.”

“உங்க பெரியண்ணனுக்கு நான் எதுக்குங்க மொய் வெக்கோணும்?” தாமோதரன் குனிந்து மூடியைப் பிடித்தார், இழுத்தார், மூக்கு சிவந்தது. “இதென்ன, தரையோட வெல்டு வெச்சிருக்கீங்களா? எனக்குக் குடலிறக்க ஆப்பரேசன் ஆயிருக்குதுங். மூணு கிலோவுக்கு மேல தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஐம்பது ரூபா வெச்சுக்குங்.”

“ஐம்பதுக்கு மூடிய தொட்டுப் பாத்துட்டுப் போலாம். ஆயிரத்து ஐந்நூறு.”

அவள் வாயிலிருந்து அந்த எண் வந்ததும் தார்ப்பாயின் குழி ஒரு விரல் மேலே வந்தது. அவள் அதைப் பார்த்தாள். வாரக்கணக்காக அந்த மைதானத்தில் யாரும் பேரம் பேசவில்லை. எல்லாம் தராசுக் கணக்கு. பேரம் பேசினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரிய வழியில்லாமல் போயிருந்தது. விட்டுக் கொடுக்கிற ரூபாய்க்குக் குறைவதும் அதே ஐம்பது கிராம்தான்.

“ஆயிரத்து ஐந்நூறுக்கு என்ர பொண்ணுக்கே ஒரு நகை எடுத்துருவேன்,” என்றார் தாமோதரன்.

“நகையப் போட்டா உங்க வண்டி ஸ்டார்ட் ஆகாதுங். ஆயிரம்.”

மூடி அசைந்தது. தாமோதரன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே பேசினார். “எழுபது.”

“எழுபதுக்கு எம் புருஷன் வெச்சுட்டுப்போன பீடிக்கட்டு இருக்குது, தரட்டுங்களா? ஐந்நூறு.”

முழங்கால் வரை வந்தது. வியர்வை ஒழுகியது. வாசலில் சண்டை கொஞ்சம் கொஞ்சமாக நின்று, சட்டை கிழிந்தவர்களும் மீரானும் தார்ப்பாயைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். “விட்றாதீங்க,” என்று யாரோ சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

“நூறு. அதுக்கு மேல ஒரு நயா பைசா இல்லீங்.”

“புதன்கெழமை முகூர்த்தம், உங்க வண்டி ஷெட்டுல நிக்குது. இல்லீன்னு சொல்லுங் பாக்கலாம். முந்நூறு.”

தாமோதரனின் அலட்சியம் உதிர்ந்தது. “நடந்தே போகச் சொல்லுவேன் மாப்பிள்ளையை! நூத்திப்பத்து, அவ்வளவுதானுங். மூணு கிலோ பாத்துக்குங்.”

அவள் மனதில் கணக்குப் போட்டாள். நூற்றுப்பத்தில் அறுபது மொதல் போக ஐம்பது ரூபாய். ஐம்பது ரூபாய்க்கு இரண்டரை கிலோ, மூடியின் எடையும் சேர்த்தால் இரண்டே முக்காலுக்கு ஐம்பது கிராம் குறைவு. அவர் தூக்குவார். விட்டுப்போவது இரண்டாயிரத்து ஐம்பது. அவள் பல்லைக் கடித்தாள்.

“எடுத்துட்டுப் போங். இன்னொருக்கா இந்தப் பக்கம் வந்தா மூஞ்சியில முழிக்காதீங்.”

“உங்க மூஞ்சியில முழிச்சா எனக்கு வண்டி ஸ்டார்ட்டே ஆகாதுங்,” என்று நூற்றுப்பத்தை எண்ணி வைத்துவிட்டு, மூடியைக் குழந்தைபோல இரண்டு கையில் ஏந்திக்கொண்டு அவர் போனார்.

“இது போணியே இல்லீங்!” நஞ்சப்பன் கயிற்றை உயர்த்திக் கத்தினான். “ரெண்டாயிரத்து அம்பது நட்டத்துக்கு வித்தது போணியா? அது தானமுங்!”

“சாமான் கை மாறுச்சா?” என்றாள் ராக்கியம்மாள். “காசு கை மாறுச்சா? வந்தவன் வெளியாளா? அப்பறம் என்ன?”

மற்ற பதினைந்து பேரும் போணிதான் என்றார்கள். அன்பினால் இல்லை, ஒவ்வொருவரும் தன் கிரில் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்கள், தன்னோடு பேரம் பேச இவளை எப்படிக் கூப்பிடுவது என்ற யோசனையில். நஞ்சப்பனும் பார்த்தான். ஆனால் அவன் வீம்பன், கட்டிய காசில் ஒற்றை ரூபாய் குறைக்க மாட்டேன் என்றான். அவனுடைய கடை அன்று மத்தியானத்துக்குள் முழங்கால் ஆழம் மண்ணுக்குள் போய்விட்டது.

சாயங்காலம் பெரியண்ணன் வந்தார். நடந்ததையெல்லாம் மில் சுவரோரம் நின்று பார்த்திருந்தார்.

“அம்மிணி, இன்னிக்கிருந்து பேரக் கட்டணம். ஒரு பேரத்துக்கு ஐம்பது ரூபா.” குட்டியப்பன் ரசீதைக் கிழிக்கக் கை வைத்தான்.

வேலாத்தாள் முந்தானையை இறுக்கிச் செருகினாள்.

“பேரம் பேசறதுக்குக் காசுன்னா, அந்தக் காசுக்கே பேரம் பேசுவேனுங். அஞ்சு ரூபா.”

“கட்டணத்துக்கு எவனாச்சும் பேரம் பேசுவானா?”

“எவனும் பேசுலீங். அதனாலதான் நீங்க இப்படி வளந்துட்டீங்க. ஆறு.”

முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பெரியண்ணனுக்கு வாய் குழறியது. நாற்பது என்றார். உம்பட நிழலுக்கு நீரே கட்டுவீரா என்றாள், ஏழு என்றாள். முப்பது என்றார். மைதானத்துக்கு மதில் கட்டினது மில்காரன், மரம் வெச்சது காக்கா, நீர் எதை வெச்சீர் என்றாள், ஒன்பது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை. பதினாலில் நின்றது. குட்டியப்பன் அச்சடித்த ஐம்பதை அடித்துவிட்டுப் பேனாவால் பதினாலு என்று எழுதினான், அப்படி எழுதி அவனுக்குப் பழக்கமில்லாததால் இரண்டு ரசீது வீணாயிற்று.

“ஆனா எழுநூறு எழுநூறுதான்,” என்றார் பெரியண்ணன் போகிறபோது. “அதுல வாயைத் தொறந்தா கேட்டைத் தொறக்க மாட்டேன்.”

அவள் இருநூற்றுப் பன்னிரண்டு சாமானையும் சாக்கில் கட்டி, மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி, கல் வைத்தாள். நஞ்சப்பன் மண்வெட்டியோடு தன் கடையைத் தேடிக்கொண்டிருந்தான். நூற்றுப்பத்தில் பேரக் கட்டணம் பதினாலு. ராக்கியம்மாள் டீயைப் பதினைந்தாக்கியிருந்தாள். அதற்குப் பேரம் பேச வேலாத்தாளுக்குத் தொண்டையில் ஈரமில்லை. ஷேர் ஆட்டோ இருபது. அடுத்த ஞாயிறு விடியலில் எழுநூறு கட்டினால்தான் மூலை. ஆட்டோவில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து எண்ணினாள். மீதி அறுபத்தொன்று.